கேள்வி கேட்டவள் எப்படி வீட்டுக்குப் போவாள்?

இந்த ஊரில் பால் வாங்க நிற்கிற வரிசையில் மந்திரிகளைத் திட்டுகிறார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், கையில் பிளாஸ்டிக் கூடையோடு, காதைச் சுற்றி மஃப்ளரோடு, பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதை எடுத்து இன்னொரு பெயரோடு முடிச்சுப் போட, பால் வண்டி வருவதற்குள் ஓர் அரசாங்கம் கவிழ்ந்து இன்னொன்று எழும்பிவிடுகிறது. திட்டியவர் பிறகு பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே மஃப்ளரோடு வந்து நிற்கிறார். எனக்கு விளங்காதது இந்தக் கடைசி விஷயம்தான். திட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு. திட்டியவன் மறுநாளும் வந்து வரிசையில் நிற்பது இந்த ஊரின் அதிசயம். அவர்கள் பேசப் பேச நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? யாராவது சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறார்களா? பால் பை கைக்கு வந்ததும் நான் நடந்துவிடுவேன். திட்டுகிறவர் நின்று மிச்சத்தையும் திட்டி முடிப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் இன்னும் அங்கே, கடலுக்கு அப்பால் சண்டை நடக்கிற நம் ஊரில், மண்ணெண்ணெய் விளக்கின் கீழே இருக்கிறீர்கள். சிலர் பனி விழும் ஊர்களில், தொழிற்சாலைச் சீருடையோடு ரயிலில் தூங்கி வழிந்துகொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். கடலின் இந்தப் பக்கம், தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசப் பயந்துகொண்டு. என் பெயரை இந்தக் கட்டுரைக்குக் கீழே போடவேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பயத்தோடு எழுதுகிறவர்களுக்கு இந்த அளவு சலுகை உண்டுதானே.

போன வருஷம் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமரின் அந்தக் கொலை நடந்த பிறகு எங்களுக்கு இது மூன்றாவது வீடு. அசோக் நகரில் இருந்த வீட்டுக்காரர் ஒருநாள் கண்ணைப் பார்க்காமல், "பொண்ணுக்குக் கல்யாணம் வருதுங்க, மாடி வேணும்" என்றார். அவருக்கு இருந்தது இரண்டு ஆண் பிள்ளைகள். அடையாற்றில் அந்த மரியாதைகூட இல்லை, மாலையில் திரும்பி வந்தபோது எங்கள் பாத்திரங்கள் வாசலில் இருந்தன. பிறகு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ராஜம் மாமியின் வீட்டு மாடி கிடைத்தது. நானும் என் மகள் வதனியும். அவளுடைய தகப்பன் ஊரில், படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு வர முடியாமல் இருக்கிறார். வதனிக்குப் பதினெட்டு வயது. மெலிந்த, கறுத்த, கண்ணாடி போட்ட பெண். அந்த வருஷம் நம் பெண்பிள்ளைகள் அப்படி இருந்ததே ஒரு குற்றமாக இருந்தது. பஸ்ஸில் ஏறினால் குண்டு கட்டியிருக்கிறாளா என்று அவளுடைய இடுப்பை முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை.

மாமியோடு போட்ட பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிற மாதம் அது. வீடு இல்லாவிட்டால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லாதவர்களுக்கு முகாம். முகாம்களிலிருந்து எங்கள் ஊருக்கே திருப்பிக் கப்பல் விடத் தொடங்கியிருந்தார்கள், விரும்பிப் போகிறவர்களுக்கு என்று பத்திரிகைகள் எழுதின. எவ்வளவு விருப்பம் என்பதைக் கப்பலில் ஏறியவர்கள் எழுதவில்லை. இரவும் பகலும் என் தலைக்குள் இந்தச் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது, வீடு, விலாசம், பதிவு, முகாம், கப்பல், சங்கிலியின் அந்த நுனியில் கண்ணாடி போட்ட என் பிள்ளை. மாமியிடம் மெல்லக் கேட்டபோது, "அத்திம்பேர் வரட்டும் டீச்சர். அவர் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் தனி மனுஷி, நேக்கு என்ன தெரியும்?" என்றார்.

அத்திம்பேர் என்பவர் மாமியின் அக்கா புருஷன். தி. நகரில் இருப்பவர். அரசாங்கத்தில் துறை விசாரணைகள் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வரப்போவதாக இருந்தது எங்களைப் பார்ப்பதற்காக அல்ல. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறவர்கள் ஒரே மேடையில் நின்று வாதாடுவதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். அவர் தெருவுக்கு இன்னும் கேபிள் போகவில்லை. அங்கே இரவு, இங்கே விடிகாலை. ஆகவே முந்திய நாள் மாலையே பையோடு வந்து இறங்கிவிட்டார். மாமிக்கு அந்த விவாதத்தில் வேறு காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகன் சீனு நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அவனும் அவன் மனைவியும் பனியில் கார் மீது சாய்ந்து நிற்கிற படம். அமெரிக்காவில் சாம்பார் பொடி கிடைக்கிறது, அமெரிக்காவில் கோவில் கட்டிவிட்டார்கள், அமெரிக்காவில் கரண்ட் போவதே இல்லை என்று மாமி கீழேயிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். எல்லாம் நல்ல செய்திகளாகவே இருக்கும்.

அன்று காலை கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "டீச்சர், வாங்கோ, ஆரம்பிச்சுடப் போறது. வதனியையும் அழைச்சிண்டு வாங்கோ. அத்திம்பேர் உங்களைப் பாக்கணுங்கறார்." போகாமல் இருக்க முடியாது. படியில் இறங்கும் முன் வதனியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சிரிக்காதை. கையைத் தட்டாதை. ஆர் நல்லாக் கதைச்சதெண்டு கேட்டா, தெரியாதெண்டு சொல்லு. விளங்குதே?"

"ஏனம்மா, அமெரிக்காக்காரன் வந்து எங்களைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறானே?"

"வாய் காட்டாதை, பிள்ளை."

வருஷங்களுக்கு முன், வதனிக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. எங்கள் ஊரில் ஒரு தேர்தல் வந்தது. எந்தத் தேர்தல் என்று சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். வாக்குப் போடு என்றவர்களின் தோளிலும் துவக்கு தொங்கியது, போடாதே என்றவர்களின் தோளிலும் துவக்கு தொங்கியது. கோவில் வீதியில் ஒரு கூட்டம். ஓர் இளைஞன் பேசினான். மறுநாள் காலையில், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, "பெடியன் பரவாயில்லை, நல்லாத்தான் பேசினவன்" என்றார். அவ்வளவுதான். கொள்கையைப் புகழவில்லை, கட்சியைப் புகழவில்லை, பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற மனுஷன், ஒரு பேச்சுக்குப் புள்ளி போட்டார். கடையிலிருந்து இறங்கி வந்தவரை யார் கூட்டிப்போனது என்று இன்றைக்கும் தெரியாது. அவருடைய சைக்கிள் அந்தக் கடைச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. மழை வந்தது, சீற்றின் தோல் வெடித்தது, சில்லுக் கம்பிகளில் கொடி ஏறியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்காமல் அந்த வழியால் போய் வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கே ஒரு பழக்கம் வந்தது. கூட்டம் எப்படி என்று எவர் கேட்டாலும், ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்வோம். "கூட்டம் எப்பிடி?" "ஸ்பீக்கர் நல்ல துப்புரவாக் கேட்டது." "ஆர் நல்லாப் பேசினது?" "கடைசி மட்டும் ஓர் இரைச்சல் இல்லை." பேசியவனைப் புகழ்ந்தால் ஒரு பக்கம் வரும், இகழ்ந்தால் மற்றப் பக்கம் வரும். ஸ்பீக்கரைப் புகழ்ந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லோரும் வாயாரப் பாராட்டிய ஒரே மனிதர், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர்தான். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் இதை எழுதும்போது சிரிக்கிறேன். ஆனால் அது வேடிக்கை அல்ல, அது எங்கள் கவசம். பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்த கையோடு அதைச் சொல்லிக் கொடுத்தோம்.

மாமி வீட்டுக் கூடத்தில் அத்திம்பேர் சாய்வு நாற்காலியில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மாமி அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேபிள் மணி வாசற்படியில் நின்றான். அந்தச் சந்து முழுக்க மாடிக்கு மாடி கறுப்புக் கம்பி இழுத்து வைத்திருப்பவன் அவன்தான். படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று மாமி ஆள் விட்டிருக்கிறார், அவனும் வந்து மொட்டை மாடியில் எதையோ முறுக்கிவிட்டு இறங்கியிருந்தான். "இன்னா மாமி, சும்மா பளிச்சுனு கீதா? உனக்கோசரம் காலங்காத்தால வந்துக்கீறேன், ஒரு காபிகூட இல்லியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். வதனி மாமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் என் உடம்பு தானாகவே அந்த இடத்தைத் தேடிக்கொள்ளும்.

திரையில் மூன்று பேர். பதவியில் இருக்கிற பெரியவர், அவரை எதிர்த்து நிற்கிற இளையவர், கட்சி எதுவும் இல்லாமல் சொந்தப் பணத்தில் நிற்கிற குட்டையான கோடீஸ்வரர். சுற்றிவரச் சாதாரண சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்றார் அத்திம்பேர். ஆளுக்கு ஆள் புள்ளி போட அவர் தயாராக இருந்தார்.

"பாரு, இவன் பதிலே சொல்லலை. சுத்திச் சுத்தி வரான். அந்தச் சின்னவன் நன்னாப் பேசறான், ஆனா சிரிப்பு ஜாஸ்தி. சிரிச்சுண்டே பேசறவனுக்கு நான் இன்கிரிமென்ட் குடுத்ததே இல்லை."

"நேக்கு அந்தக் குட்டையா இருக்கறவரைத்தான் பிடிச்சிருக்கு" என்றார் மாமி. "எவ்வளவு தெளிவாக் கணக்குச் சொல்றார், மளிகைக்கடைச் செட்டியார் மாதிரி. அத்திம்பேர், இவாள்ள யாரு நம்ம பசங்களைத் திருப்பி அனுப்பாம இருப்பா?"

"உன் பிள்ளைக்காகவா எலெக்‌ஷன் நடத்தறா?"

"பின்ன யாருக்காக நான் பாக்கறேன்?"

பெரியவர் ஒரு தடவை கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி வாசலிலிருந்து குதித்தான். "தோ பார்றா, பெர்சு வாட்சைப் பாக்குது! ஷிப்ட் முடிஞ்சுதான்னு பாக்குது நைனா!" மாமி அவரைக்காயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ராகுகாலம் பாக்கறாரோ என்னமோ." அத்திம்பேர்கூட மீசைக்குள் சிரித்தார். ஓர் உலக வல்லரசின் தலைவனைப் பார்த்து ஒரு சந்து முழுவதும் சிரித்தது. பக்கத்து வீட்டிலும் அதே சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. வதனியின் தோள்கள் குலுங்கின. நான் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை அவள், நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெண் எழும்பினாள். சனங்களுக்குள் இருந்து, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஓர் இளம் பெண். கறுத்தவள். நாட்டின் கஷ்டம் உங்களை, உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படித் தொட்டிருக்கிறது என்று நேரே கேட்டாள். உங்களுக்கு அது தெரியாவிட்டால் எங்கள் கஷ்டத்துக்கு எப்படி மருந்து தேடுவீர்கள் என்ற மாதிரி. பெரியவர் தடுமாறினார். கேள்வி விளங்கவில்லை என்றார். அவள் விடவில்லை. இளையவர் நாற்காலியை விட்டிறங்கி அவளுக்குக் கிட்டே வந்து நின்று பேசினார். அத்திம்பேர் "அடடா" என்று தொடையில் தட்டினார். மணி விசிலடித்தான். கூடத்தில் ஆளாளுக்கு யார் வென்றார், யார் கவிழ்ந்தார் என்று பேசத் தொடங்கினார்கள்.

எனக்கு அந்த மூன்று பேரும் மறைந்துபோனார்கள். அந்தப் பெண் மட்டுமே தெரிந்தாள். அவள் இருந்த வரிசை, அவளுக்குப் பக்கத்து நாற்காலிகள், பின்னால் கதவு எங்கே இருக்கிறது, எல்லாம் தேடினேன். கமரா அவளுடைய முகத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. எடுங்கோ, எடுங்கோ, அவளின் முகத்தை விட்டு அதை எடுங்கோ என்று எனக்குள் ஒரு குரல். அங்கே இரவு அல்லவா? இது முடிந்து, விளக்குகள் அணைந்து, அவள் வெளியே வந்து, தெருவில் இறங்கி... மயிலாப்பூர்க் காலை வெயில் முற்றத்தில் விழுந்து கிடந்தது, அடுக்களையில் காப்பி வாசம், நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள ஓர் இருட்டுத் தெருவில் அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

விவாதம் முடிந்தது. மாமி சத்தத்தைக் குறைத்தார். அத்திம்பேர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க ஒண்ணுமே சொல்லலையே. யார் நன்னாப் பண்ணினா?"

வருஷங்களுக்கு முன் கற்றது வாயில் வந்து நின்றது. "சத்தம் நல்ல தெளிவாகக் கேட்டது" என்றேன்.

மணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மாமி! நீதான் எப்பப் பாரு கொற சொல்லிக்கினு கீற. டீச்சரம்மா படிச்சவங்கோ, அவுங்களே சொல்ட்டாங்கோ!"

"நான் அதைக் கேக்கலை" என்றார் அத்திம்பேர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். "மூணு பேர் பேசினா. ஒருத்தனாவது உங்களுக்குப் பிடிச்சிருக்கணுமே. இல்லே, பிடிக்காம இருக்கணும்."

"ஓர் இரைச்சலும் இல்லை" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, நான் சேற்றில் கால் வைத்துவிட்டேன் என்று. ஆனால் எனக்கு வேறு வழி தெரியாது. எங்கள் ஊரில் உயிரைக் காப்பாற்றிய பதில் இங்கே என்னைக் கள்ளியாக்கிக்கொண்டிருந்தது. அத்திம்பேர் மாமியைத் திரும்பிப் பார்த்தார், மாமி அவரைக்காயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் பாத்திரங்கள் வாசலுக்கு வந்துவிட்டன.

"நான் சொல்றேன் மாமா" என்றாள் வதனி. "பெரியவர் தோத்துட்டார். அந்த அக்கா கேட்டது என்னண்டே அவருக்குப் பிடிபடேல்லை."

"என்னடி இது, ஒரே வார்த்தையில தோத்துட்டார்ங்கறே? அனுபவம்னு ஒண்ணு இருக்கோன்னோ? யுத்தம் நடத்தினவர்" என்றார் அத்திம்பேர்.

"யுத்தம் நடத்தினா நல்லவரா?"

"வதனி!" என்றேன்.

"பேசட்டும், பேசட்டும். உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

"ஓட்டு வயசு வந்துடுத்து. அதான் இந்தப் பேச்சு."

"எனக்கு எந்த நாட்டிலயும் ஓட்டு இல்லை மாமா" என்றாள் அவள், சிரித்துக்கொண்டுதான்.

மணி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான். திரையில் ஊமையாக ஒரு சோப்பு விளம்பரம் ஓடியது. அத்திம்பேர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ பேசறா. கோணலோ நேரோ, மனசுல இருக்கறது வெளியில வரது. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியலையே அம்மா. முப்பது வருஷம் விசாரணை பண்ணினவன் நான். கேட்டதுக்குப் பதில் சொல்லாதவாளைத்தான் முதல்ல ஓரங்கட்டுவேன். ராஜம் ஒண்டிக்கட்டை. மாடியில இருக்கறவா என்ன நினைக்கறான்னு தெரியாம அவளை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது? கடைசியாக் கேக்கறேன். இத்தனை நேரம் பாத்தேளே, என்ன பாத்தேள்?"

வீடு, விலாசம், பதிவு, முகாம், கப்பல். ஒரு நல்ல பதிலைத் தேடினேன். பெரியவர் என்று சொன்னால் இவருக்குப் பிடிக்கும். இளையவர் என்று சொன்னால் மணிக்குப் பிடிக்கும். குட்டையானவர் என்றால் மாமிக்கு. மூன்றும் நாக்கு வரை வந்தன, மூன்றுக்கும் பின்னால் ஒரு சைக்கிள் நின்றது. பிறகு என் வாயிலிருந்து வந்தது நான் தேடிய எதுவும் அல்ல.

"அந்தப் பிள்ளை எப்பிடி வீட்டை போவா?"

"எந்தப் பிள்ளை?"

"எழும்பிக் கேட்டவ."

"இதென்னா டீச்சரம்மா!" என்றான் மணி. "அமெரிக்காவுல பிச்சக்காரன்கூட கார்லதான் போவான். ஜம்முனு கார்ல பூடும்."

மாமி சிரித்தார். "ஆமாம், அங்கெல்லாம் பஸ்ஸே கிடையாதாம்."

"அதில்லை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவ முகத்தைக் காட்டிப்போட்டா. பேரையும் எல்லாரும் அறிஞ்சிருப்பினம். நாட்டை ஆளுறவரைச் சனத்துக்கு முன்னாலை விழுத்திப்போட்டா. இருட்டுக்குள்ளை வெளியாலை வருவா. கூட ஆராவது போவினமே? வீட்டிலை அவவின்ரை அம்மா பார்த்துக்கொண்டிருந்திருப்பா எல்லே? நான் அவவைத்தான் பார்த்தனான். மற்றவை கதைச்சது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை."

அந்தக் கூடத்தில் நான் என் ஊர்ப் பேச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. பத்து மாதமாகப் புத்தகத் தமிழை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு படியிறங்கியவள் நான். வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது என்ன என்று இன்றும் எனக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருக்கலாம்.

அரிவாள்மணை நின்றுவிட்டிருந்தது. மாமி ஒரு அவரைக்காயை நாரை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"லலிதா பொட்டை எடுத்துட்டுத்தான் வெளியில போறாளாம்" என்றார்.

லலிதா என்பது சீனுவின் மனைவி. அத்திம்பேர் புரியாமல் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல பொட்டு வெச்சுண்டு போறவாளைக் கண்டா அடிக்கறதுக்குன்னே சில பசங்க அலைஞ்சாளாம். அவ ஃப்ரெண்டுக்கு மண்டையில காயம். அதுலேர்ந்து கிளம்பறச்சே பொட்டை எடுத்து வாசக்கதவுக்குப் பக்கத்துல கண்ணாடியில ஒட்டிட்டுப் போவாளாம். திரும்பி வந்து மறுபடி எடுத்து வெச்சுப்பாளாம். ஃபோன்ல சொல்லிட்டு, அம்மா யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோன்னு அழுதா."

"ஏன் ராஜம், இதை நேக்குச் சொல்லலையே?"

"சொன்னா, திரும்பி வரச் சொல்லுன்னு சொல்லுவேள். அவா வர மாட்டா. அப்புறம் நான் ரெண்டு பக்கமும் பதில் சொல்லணும்." மாமி அவரைக்காயைத் தட்டில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு நாளும் இங்க பொழுது விடியறச்சே நான் அதைத்தான் நினைச்சுப்பேன். அங்க இருட்டிடுத்தே, ஆத்துக்கு வந்திருப்பாளா? பொட்டு நெத்தியில இருக்கா, கண்ணாடியில இருக்கா?"

சாம்பார் பொடியும் கோவிலும் கரண்டும் சொன்ன மாமி, பத்து மாதமாக எனக்குச் சொல்லாததை அன்று சொன்னார். மணி மெல்லப் படியிறங்கிப் போய்விட்டான், காபியைக் கேட்காமலே.

"இவா இருக்கட்டும் அத்திம்பேர்."

"உன் ஆத்து மாடி. உன் இஷ்டம்." அவர் எழுந்து சட்டையைத் தேடினார். "ஸ்டேஷன்ல வந்து யாரு கையெழுத்துப் போடறது? நீயா போப்போறே? கிளம்புங்கோ டீச்சர், வெயில் ஏறதுக்குள்ள முடிச்சுண்டு வந்துடலாம்." கதவுக்கருகில் மாமி என் கையைத் தொட்டார். "தெருவுல மட்டும் சத்தமாப் பேசாதேங்கோ. அக்கம்பக்கத்துல நாகர்கோவில்னு சொல்லி வெச்சிருக்கேன்."

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னாலிருந்தவர் வதனியின் இடுப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "இவங்க உங்களுக்கு யாரு சார்?" என்று அத்திம்பேரைக் கேட்டார். அத்திம்பேர் யோசித்தார். "குடித்தனக்காரா" என்றார். அன்பும் இல்லாத, வெறுப்பும் இல்லாத ஒரு சொல். ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மாத வாடகை, அவ்வளவுதான் அதற்குள் இருந்தது. நான் அதை வாய்க்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். அதைவிடப் பெரிய சொல் எதுவும் அன்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். வழி முழுக்கச் சண்டை. "அனுபவம் இல்லாதவன் கையில நாட்டைக் குடுப்பாளோ?" "அனுபவம் இருந்தும் அவருக்குக் கேள்வி புரியலையே மாமா." 'புரியலையே' என்றாள். வீட்டில் என்னோடு 'விளங்கேல்லை' என்கிற பிள்ளை. கையை வீசி, தலையை ஆட்டி, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிடாமல் நடந்தாள். பூக்காரி ஒருத்தி ஒதுங்கி நின்று பார்த்தாள். நான் அவளுக்கு அம்மா என்று யாரும் சொல்ல முடியாத தூரத்தில், பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

மாட வீதியில் அவர்கள் சட்டென்று குறுக்கே கடந்துவிட்டார்கள். நான் கடப்பதற்குள் ஆட்டோக்கள் வரிசையாக வந்தன. இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவர்கள். அத்திம்பேர் என் பக்கம் கையைக் காட்டி அவளிடம் ஏதோ சொன்னார். கேள் உன் அம்மாவை என்றிருக்கவேண்டும். வதனி இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"அம்மா! நீங்கள் சொல்லுங்கோ! மூண்டு பேரிலை ஆர் வெண்டது?"

எங்கள் ஊர்ப் பேச்சில், மாட வீதி முழுக்கக் கேட்கும்படி. காய்கறிக்காரர் திரும்பினார். வெற்றிலைக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நாகர்கோவில் அங்கேயே உடைந்து விழுந்தது. என் கண் தானாகத் தெருமுனைக்கு ஓடியது. அவள் அசையாமல் நின்றாள். கேட்டது கேட்டதுதான் என்பதுபோல, அந்தக் கண்ணாடியில் வெயில் மின்ன, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டவள்தான்!" என்றேன். "அந்தக் கேள்வி கேட்ட பெட்டைதான்!"

கத்தினேனா, முணுமுணுத்தேனா, தெரியாது. நடுவில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னல்களுக்கு ஊடாக அவள் துண்டு துண்டாகத் தெரிந்தாள், ஒரு தோள், ஒரு கை, காதருகே வைத்த விரல்கள். "கேக்கேல்லையம்மா! திருப்பிச் சொல்லுங்கோ!" என்ற குரல் பேருந்துக்கு மேலால் வந்தது. நான் ஒரு காலைத் தார் வீதியில் வைத்துவிட்டேன். மற்றக் கால் இன்னும் நடைபாதைக் கல்லில், வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றது.